கம்பி அறுந்தால் யார் பொறுப்பு?

அத்தியாயம் ஒன்பது

ரத்னபாய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிற காகிதத்தைக் கண்டால் கீழே போட மனம் வராது. பதினான்கு வருஷமாக அரசுப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள், காகிதத்தின் அருமை தெரிந்தவள். மடித்து வைத்துக்கொண்டு, பின்பக்கத்தில் எதையாவது எழுதிவிடுவாள். அந்தப் பழக்கம்தான் சனிக்கிழமை சாயங்காலம் அவளுடைய கொழுந்தன் ஈசாக்கைக் கொண்டுபோய்ப் பாறசாலை ஸ்டேஷன் லாக்கப்பில் உட்கார வைத்தது.

மலையில் இருக்கும் அவளுடைய அண்ணன் எலியா ஜூலை மாதம் கடிதம் போட்டதிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. தேவிகுளத்துக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் கணக்கு எழுதும் ரைட்டர். மலை விளிம்பிலிருந்து அடிவாரம்வரை தூண்களை நட்டு, இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதில் பெரிய தொட்டில்களைத் தொங்கவிட்டுத் தேயிலைப் பெட்டிகளை இறக்குகிறார்களாம். ஓண விடுமுறையில் பெட்டி இறங்காது. துரையிடம் சொல்லிவைத்தால் ரைட்டர் வீட்டு ஆட்கள் தொட்டிலில் ஏறி இரண்டாவது தூண்வரை போய்த் திரும்பலாமாம். 'காலுக்குக் கீழே மேகம் போகும் தங்கச்சி' என்று எழுதியிருந்தான்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் ரத்னபாய் தெற்கே நாகர்கோவில் ஆஸ்பத்திரியைத் தாண்டியதில்லை. வடக்கே திருவனந்தபுரத்து மிருகக்காட்சிசாலை. காலுக்குக் கீழே மேகம் என்றதும் ஆடிப்போய்விட்டாள். சந்தையில் யாரோ கையில் திணித்த நோட்டீசின் பின்பக்கத்தில் பயணத் திட்டத்தை எழுதினாள். பஸ் நேரமும் கட்டணமும் விசாரித்து வரச்சொல்லி, அந்தக் காகிதத்தை ஈசாக்கிடம் கொடுத்து நெய்யாற்றின்கரைக்கு அனுப்பினாள். அமரவிளையில் போலீஸ் அவன் சைக்கிளை மறித்துச் சட்டைப் பையைத் துழாவியது.

முன்பக்கத்தில் 'தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்!' என்று கொட்டை எழுத்து. பின்பக்கத்தில் இது:

கம்பி – செப்டம்பர் 11, சனி.
ஆள் 6.
விடியற்காலம் 4 மணிக்கு அமரவிளைப் பாலத்தருகே கூட வேண்டும்.
மண்ணெண்ணெய் ஒரு குப்பி. வெட்டுக்கத்தி 1. கயிறு.
அண்ணன் உள்ளே இருந்து ஏற்பாடு செய்வார்.
செலவு ரூ. 54. சங்கத்துப் பணம் 30. மீதி பிரிக்க வேண்டும்.
கம்பி அறுந்தால் யார் பொறுப்பு? கேட்க வேண்டும்.

அதற்கும் கீழே ஒரு படம். பிள்ளைகளுக்கு விளங்கட்டும் என்று டீச்சரம்மாள் வரைந்தது. ஆறு தூண், தூணுக்குத் தூண் கம்பி, ஒவ்வொரு தூணுக்கும் நம்பர். தொட்டிலையும் வரைந்திருந்தாள், ஆனால் அது ஒரு புள்ளி போலச் சிறிதாகப் போய்விட்டது.

மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு. வெட்டுக்கத்தி போகிற வழியில் இளநீர் வெட்ட. சங்கம் என்பது சபையின் மாதர் சங்கம். ஆறு ஆளில் மூன்று அரை டிக்கெட். எல்லாம் சரிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் தந்திக்கும் கம்பி என்றுதான் பெயர், தந்தி போகிற கம்பியும் கம்பிதான். தாய்த் தமிழகத்தோடு சேரவேண்டும் என்று ஊர்வலம் போனவர்கள்மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சரியாக ஒரு மாதம் கழித்து, அதே பதினொன்றில், ஆறு பேர் கத்தியும் மண்ணெண்ணெயுமாகப் பாலத்தடியில் கூடினால், தந்திக்கம்பி அறுக்கத்தான் என்றல்லாமல் போலீஸ்காரன் வேறு என்ன நினைப்பான்?

யார் எழுதியது என்று கேட்டார்கள். "நானாக்கும்" என்றான் ஈசாக்.

*

திங்கட்கிழமை காலை. ரத்னபாய் புட்டுக் குழலை அடுப்பில் வைத்துவிட்டு, அது ஆவி விட்டதையும் கவனிக்காமல் நின்றாள். கனகதாஸ் வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாறசாலை முக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மனுஷன். சனிக்கிழமை சாயங்காலம் மூடிய கடையை இன்னும் திறக்கவில்லை.

"நான் இண்ணு ஸ்டேஷனுக்குப் போறேன்" என்றாள் ரத்னபாய். "எனக்க எழுத்தாக்கும்னு சொல்லப்போறேன்."

"மெதுவா பேசு. பிள்ளேளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டு. அவன் மூணு நாளாட்டு அங்ஙன கெடக்கியான். நான் இஞ்ச புட்டு அவிச்சிட்டு நிக்கியேன்."

கனகதாஸ் செருப்பைக் கீழே வைத்தார். "நீ சர்க்கார் ஜோலிக்காரி. அந்த நோட்டீசுக்கப் பொறத்தால நீதான் எழுதினன்னு தெரிஞ்சா மறுநாளே உன்ன வெளிய எறக்குவினும். பின்ன இந்த வீட்டுல எல்லாரும் எதத் தின்னுவினும்? எனக்க பஞ்சர் கடைய நம்பியா?"

"அவனுக்கும்தான் கண்டக்டர் ஜோலிக்கு ஆர்டர் வந்திருக்கு. புதன்கிழம போய்ச் சேரணும். கேசுன்னு ஒண்ணு எழுதிட்டா அவனுக்கு அந்த ஜோலி உண்டா?"

"அவன் ஆம்பிள. ஒரு மாசம் கெடந்தாலும் வெளிய வந்து நடமாடுவான். நீ ஒருநாள் அங்ஙன இருந்துட்டு வந்தா, உனக்கு பின்ன கோயில்ல ஏறமுடியுமா, பள்ளிக்கூடத்துல ஏறமுடியுமா? நான் வக்கீலப் பாக்கியேன். நீ வாயத் தொறக்காண்டாம்."

அவர் சொல்லி முடித்ததும் ரத்னபாய்க்கு நெஞ்சில் ஏதோ இறங்கியது. நிம்மதி. வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், இனி நான் என்ன செய்ய என்கிற நிம்மதி. அதை அவளே கண்டுபிடித்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. சனிக்கிழமையே போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தாவது போயிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் யாராவது தடுப்பார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பொறுப்பைக் கேள்வியாக எழுதத் தெரிந்தது. ஏற்கத் தெரியவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு, மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பினாள். தகரப் பெட்டியின் சாவி வழக்கம்போல ஆணியில் தொங்கியது. கனகதாஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

*

அவள் தெருமுனை திரும்பியதும் கனகதாஸ் பெட்டியைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் பைபிள், பைபிளுக்கு அடியில் எலியாவின் கடிதம்.

இரவெல்லாம் அவரை அரித்தது அந்தக் கடிதத்தின் கடைசி வரி. தொட்டில், தூண், துரை, மேகம் எல்லாம் எழுதிவிட்டு, போகிற போக்கில் எலியா இப்படி முடித்திருந்தான்: 'இங்கேயும் நம்ம ஆட்கள் கூட்டம் போட்டார்கள். நானும் போயிருந்தேன்.'

போலீஸ் வீட்டைச் சோதனை போட்டால்? ஒரு பக்கம் தம்பி, இன்னொரு பக்கம் மச்சினன், நடுவில் ரத்னபாயின் வேலை. மூன்றையும் இந்த ஒரு காகிதம் முடிச்சுப் போட்டுவிடும். கனகதாஸ் பயந்த சுபாவம். பிரேக் கம்பி அறுவதைத் தினம் பார்க்கிற மனுஷனுக்கு எதுவுமே அறுந்துவிடும் என்றுதான் தோன்றும். 'கம்பி அறுந்தா யாருக்கப் பொறுப்பு, எலியாட்ட கேட்டு வை' என்று கேலியாகச் சொல்லி, அந்த வரியை எழுத வைத்தவரே அவர்தான்.

கடிதத்தை உறையோடு சேர்த்துப் புட்டு அவிந்த அடுப்பில் போட்டார். ஓரம் சுருண்டு, மேகம் போய், கூட்டம் போய், எல்லாம் கருகியது. கிளறிச் சாம்பலோடு சாம்பலாக்கினார். மிச்சக் கனலில் ஒரு சாயா போட்டுக் குடித்தார். இரண்டு நாளில் அன்றைக்குத்தான் சாயா ருசித்தது.

பஸ்சுக்குப் போகும்போது தன் கடையைத் தாண்டினார். மூடிய பலகைக்கு மேலே ஈசாக் பெயின்டில் எழுதிய போர்டு. 'இங்கு காற்று அடிக்கப்படும்.' முதலில் 'காற்ரு' என்று எழுதி ஒரு மாதம் தொங்கவிட்டிருந்தான். ரத்னபாய் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு திருத்த வைத்தாள். ஆறாம் வகுப்போடு நிறுத்தியவனுக்கு ரவும் றவும் ஒன்றுதான். "காத்து எங்ஙன எழுதினாலும் டயருல ஏறும் மைனி" என்று அண்ணியிடமே சொல்வான். கனகதாஸ் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

*

நெய்யாற்றின்கரையில் சுவாமிதாஸ் வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வயிறு குலுங்கச் சிரித்தார். அதே சபைக்காரர், கனகதாசுக்குத் தூரத்து உறவும்கூட.

"வெட்டுக்கத்தி, மண்ணெண்ண, கயிறு! ஓய், எனக்க இருவது வருஷத்துல இப்பிடி ஒரு கேசு வந்ததில்ல. உம்ம பெஞ்சாதி ஒண்ணையும் விடல்லியே."

"சிரிக்காதீங்க. பயலுக்கு புதன்கிழம ஜோலியில சேரணும்."

"சேருவான். இது ஒரு கடுதாசிக்கக் கேசாக்கும்." வக்கீல் மேஜையில் தட்டினார். "மச்சினன் ஓணத்துக்கு வாருங்கோன்னு கூப்பிட்டு, கம்பி வண்டியப் பற்றி விவரமா எழுதியிருக்கான், இல்லியா? தபால் முத்திரையில ஜூலைத் தேதி இருக்கும். சூடு நடந்ததுக்கு முன்ன. அத இன்ஸ்பெக்டருக்க முன்ன வச்சா, இண்ணு சாயங்காலமே பயல் வீட்டுல வந்து சோறு தின்னுவான்."

கனகதாஸ் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார்.

"அதுல... அதுல ஒரு வரி உண்டு. கூட்டத்துக்குப் போனேன்னு எழுதியிருக்கான்."

"அவ்வளவுதானா? இந்தத் தாலூக்காவுல கூட்டத்துக்குப் போவாதவன் எவன் உண்டு? கூட்டத்துல நிண்ணவன எல்லாம் பிடிச்சா ஜெயிலுக்கு எடம் காணாது. அது ஒண்ணும் சாரமில்ல." வக்கீல் எழுந்து கோட்டை மாட்டினார். "கடுதாசி எங்க?"

எரித்துவிட்டேன் என்று கனகதாஸ் அப்போதே சொல்லியிருக்கலாம்.

"வீட்டுல" என்றார். "பெட்டியில."

"அப்பம் வாரும். மொதல்ல ஸ்டேஷன்ல நான் விசயத்தச் சொல்லி வைக்கியேன். பின்ன நீர் ஓடிப்போய் அத எடுத்துட்டு வாரும்."

பஸ்சில் வக்கீல் கம்பி வண்டியைப் பற்றி வழிநெடுகக் கேட்டுக்கொண்டு வந்தார். எத்தனை பேர் ஏறலாம், பயமாக இருக்காதா, துரை காசு கேட்பானா. கனகதாஸ் கடிதத்தில் படித்ததையெல்லாம் வரிவரியாகச் சொன்னார். எல்லாம் நினைவில் இருந்தது. காகிதம்தான் இல்லை. எலியாவுக்கு எழுதி இன்னொரு கடிதம் வரவழைக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதிலும் முத்திரை செப்டம்பர் என்று விழும். தம்பியைக் காப்பாற்றக் கிடைத்த ஒரே துண்டுக் காகிதத்தில் சாயா போட்டுக் குடித்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

*

பகல் மணி அடித்துப் பிள்ளைகள் சாப்பிட ஓடியபோது, பள்ளி முற்றத்தில் ஒரு போலீஸ்காரன் சைக்கிளோடு நின்றான். வெளியூர் ரிசர்வ் போலீஸ். ரத்னபாய் சாக்பீஸைக் கீழே வைத்தாள். வந்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

ஹெட்மாஸ்டர் செல்லையன் ஸாரு அவளை அலுவலறைக்குள் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாண்டாம். ஸ்டேஷன்ல தமிழ் தெரிஞ்ச டீச்சர் ஒருத்தர் வேணுமாம். ஏதோ ரெண்டு எழுத்த ஒத்துப் பாத்து எழுதிக்குடுக்கணும்னு கேக்கினும். நேசையன் ஸாரு லீவுல போயிட்டாரு, பின்ன உள்ளது நீதான். அந்த இன்ஸ்பெக்டர் கோட்டயத்துக்காரன், வந்து பத்து நாள்கூட ஆவல்ல. ஈசாக்கு உனக்க கொழுந்தன்னு அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீ போனா பயலுக்கு நல்லது, கேட்டியா?"

நல்ல மனுஷர். உதவி செய்கிறோம் என்றுதான் நினைத்தார். அந்த இரண்டு எழுத்தில் ஒன்று யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

ஒரு மைல் வெயிலில் போலீஸ்காரனுக்குப் பின்னால் நடந்தாள். குடையை விரிக்க மறந்துவிட்டாள்.

ஸ்டேஷன் முற்றத்தில் ஈசாக்கின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. உள்ளே கம்பிக் கதவுக்குப் பின்னால் ஈசாக். சனிக்கிழமை போட்டிருந்த அதே சட்டை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது, உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"டீச்சர் இரிக்கு" என்றார் இன்ஸ்பெக்டர். மரியாதைக்காரர்தான். மேஜையில் இரண்டு காகிதங்களை வைத்தார். ஒன்று சனிக்கிழமை பிடிபட்டது. மற்றது நேற்று டியூட்டியில் இருந்த, தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு போலீஸ்காரன் வாசிக்க வாசிக்க ஈசாக்கைக்கொண்டு எழுதவைத்தது.

"ரண்டும் ஒராளுடெ எழுத்தாணோ? நோக்கி எழுதித் தரணம். அத்ரேயுள்ளூ." பிறகு, சாதாரணமாகக் கேட்பதுபோல, "டீச்சறுக்கு இவனெ அறியாமோ?" என்றார்.

பதில் கம்பிக் கதவிலிருந்து வந்தது.

"எனக்கு இந்த டீச்சரத் தெரியாது சாறே. பாறசாலையில டீச்சர்மாரு எத்ர பேரு உண்டு!"

அவன் டீச்சர் என்று சொன்னது அவளுக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. எட்டு வயதில் தாயை இழந்தவன். இந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த வருஷத்தில் அரைஞாண் கயிறு கட்டிவிட்டது அவள். அன்றைக்கு மைனி என்று கூப்பிட ஆரம்பித்தவன் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

இரண்டாவது காகிதத்தை எடுத்தாள். எழுத்துகள் சரிந்து கிடந்தன. அப்போதுதான் கதவைப் பிடித்திருந்த அவன் வலது கையைக் கவனித்தாள். விரல்கள் வீங்கியிருந்தன. அந்த விரலால் பிடிவாதமாக எழுதியிருக்கிறான். கடைசி வரிக்கு வந்தாள்.

'கம்பி அருந்தால் யார் பொருப்பு?'

அருந்தினால். குடித்தால். கம்பியைக் குடித்தால் யார் பொறுப்பு என்று எழுதிவைத்திருக்கிறான் பாவி! ஒரு கணம் சிரிப்பு முட்டியது. அது கண்ணீராக வந்தது. இந்த றவை ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்தாயிற்று. அவன் மண்டையில் ஏறவில்லை. இன்றைக்கு அந்த ர ஒன்றே போதும், முதல் காகிதம் அவன் எழுதியதல்ல என்று நிரூபிக்க. தமிழ் தெரிந்த எவரும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். இன்றைக்கு இந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தி மூன்று நாளாக ஒன்றும் சொல்லாமல் இருந்தாள்.

"ஒரே எழுத்தாக்கும்னு எழுதிக் குடுங்க டீச்சறே" என்றான் ஈசாக். கெஞ்சல் இல்லை, அவசரம்தான் இருந்தது. "எழுதிட்டுப் போங்க. பள்ளிக்கூடத்துல பிள்ளேளு நிக்கும்."

"வேற வேற எழுத்துன்னா?" என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டாள் ரத்னபாய்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அப்போள் வேறொராள் உண்டு. அவனெ கிட்டுந்நது வரெ இவன் இவிடெத்தன்னெ."

ஆக, ஒன்று என்று எழுதினால் அவனுக்குச் சிறை. வேறு என்று எழுதினால், அந்த வேறு ஆள் கிடைக்கும்வரை அவனுக்கு அடி. இரண்டுக்கும் நடுவில் அவள் குடையோடு பள்ளிக்குத் திரும்பி, பிற்பகல் வகுப்பில் வல்லின ற எழுதிப்போட்டுச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"சாறே, ஒரு பேப்பர் தரணும்."

தந்தார்கள். பேனாவை மையில் தோய்த்தாள். கரும்பலகையில் எழுதுகிற நிதானத்தோடு எழுதினாள். 'கம்பி அறுந்தால் யார் பொறுப்பு?' று என்ற எழுத்தின் வாலை வரிக்குக் கீழே நீளமாக இழுத்து முடிப்பது அவள் வழக்கம். அப்படியே இழுத்தாள். அடியில், 'நான். ரத்னபாய், தமிழ் ஆசிரியை' என்று கையெழுத்துப் போட்டாள்.

"மைனி! வேண்டாம் மைனி!"

ஈசாக் கதவைப் பிடித்து உலுக்கினான். எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரன் தலை தூக்கிப் பார்த்தான்.

ரத்னபாய் மூன்று காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளினாள். "இது மூணையும் சேத்து நோக்கணும் சாறே. இதும் இதும் நான் எழுதினது. நடுவுல உள்ளது எனக்க கொழுந்தன் எழுதினது. அவனுக்கு ற எழுதத் தெரியாது. நான் சொல்லிக் குடுத்தும் படிக்கல்ல."

தமிழ் தெரியாத இன்ஸ்பெக்டருக்கும் அந்த நீண்ட வால் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பி என்றால் என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். மலை, தூண், தொட்டில், பிள்ளைகளுக்கு அரை டிக்கெட், ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெய், இளநீருக்குக் கத்தி. நோட்டீசு எங்கே கிடைத்தது என்பதையும் மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல மூன்று நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது.

"இவனும் இதுதன்னெ பறஞ்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஞான் சிரிச்சு." நோட்டீசைப் பற்றி மேலே எழுதாமல் இருக்க முடியாது, அது பள்ளிக்கூடத்து மேலதிகாரிகள் பாடு என்றார். கம்பிக்கு மட்டும் தெளிவு வேண்டும் என்றார். "ஒரு கத்தோ மற்றோ உண்டெங்கில் கொண்டுவரூ. ரண்டாளும் வீட்டில் போகாம். இல்லெங்கில் டீச்சறும் இவிடெ இரிக்கேண்டி வரும்."

"கடுதாசி உண்டு சாறே!" என்றாள் ரத்னபாய். வேலை போகட்டும். இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். "அண்ணன் எழுதின கடுதாசி. பத்திரமா வச்சிருக்கேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் சுவாமிதாஸ் வக்கீலின் கறுப்புக் கோட்டு தெரிந்தது. பின்னால் கனகதாஸ். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவர் படியிலேயே நின்றுவிட்டார்.

வக்கீலுக்கு விஷயத்தைப் புரியவைக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "நானும் அதத்தான் சொல்ல வந்தேன்" என்று கையைத் தேய்த்துக்கொண்டார். "கடுதாசி வந்தா தீந்துது."

"இஞ்சேருங்க" என்றாள் ரத்னபாய். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம். "நான் சொல்லிப்போட்டேன். நீங்க கோவப்படாண்டாம். பைபிளுக்கு அடியில எலியா அண்ணனுக்க கடுதாசி இருக்கு. ஓடிப்போய் எடுத்துட்டு வாங்க."

கனகதாஸ் அசையவில்லை.

"என்ன அப்பிடி நிக்கிய? சாவி ஆணியிலதான் கெடக்கு."

"ரெத்னம்..." என்றார். இன்ஸ்பெக்டர் பார்த்தார். வக்கீல் பார்த்தார்.

"அண்ணா!" கம்பிக் கதவுக்குள்ளிருந்து ஈசாக் சிரித்தான். உதடு வெடித்திருந்தது. "நடந்து போனா நேரமாவும். எனக்க சைக்கிள எடுத்துட்டுப் போ. காத்து நெறைய உண்டு."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். போலீஸ்காரன் சைக்கிளைச் சுவரிலிருந்து எடுத்து, ஸ்டாண்டைத் தட்டிக் கொடுத்தான்.

கனகதாஸ் ஏறினார். ரோட்டோரத்தில் தந்திக்கம்பி தூணுக்குத் தூண் அவரோடுகூடவே வந்தது. அவரது விரல் நகங்களுக்குள் காலையின் கரி இன்னும் இருந்தது. திரும்பிப் பார்த்தார். ரத்னபாய் ஸ்டேஷன் வாசல்வரை வந்து நின்று, சீக்கிரம் என்று கையைக் காட்டினாள்.

அவள் பார்த்துக்கொண்டிருந்ததால், வீட்டைப் பார்த்து அவர் வேகமாகவே மிதித்தார்.